பரபக்கத்தைச் செவிமடுத்த சிற்பி

திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தம்பானூர். எதிரிலேயே பேருந்து நிலையம். பத்மநாப சுவாமி ஆலயத்திற்கும், தெற்கே கன்னியாகுமரிக்கும் செல்லும் அன்பர்கள் பலர் இந்த வழியாகவே போயிருப்பார்கள். பேருந்து நிலையத்தின் அருகே, உருளை வடிவில், செங்கல் நிறத்தில் எழுந்து நிற்கும் ஒரு கட்டடம் அவர்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடும். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே சென்றால் தனித்தனி மாடிகள் இல்லை. ஒரே தளம் சரிவாகச் சுழன்று சுழன்று மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டுள்ளன. சுவரில் விடப்பட்ட சிறு துளைகளின் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன.

சரிந்த தரையில் உணவு விடுதியா? மேசை நிற்குமா? பரிமாறுபவர் கால் இடறாதா? வரைபட நிலையில் இதனைக் காணும் எவருக்கும் இந்தக் கேள்விகள் எழாமல் இரா. இத்தகைய கேள்விகளை வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டவர் இதனை வடிவமைத்த லாரி பேக்கர்.

பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். கட்டடக் கலை பயின்றவர். குவேக்கர் என்னும் சமய மரபைச் சார்ந்த அவர், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, சீனாவில் மருத்துவத் தொண்டு புரிந்தார். நாடு திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது மகாத்மா காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டைச் சுற்றி ஐந்து மைல் எல்லைக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அந்த வீட்டைக் கட்ட வேண்டும் என்ற காந்தியின் கருத்து அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1945-இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை 1948-இல் மணந்து, இமயத்தின் பித்தோராகரில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் கேரளத்தின் வாகமண்ணில் சில ஆண்டுகள். அதன் பிறகு திருவனந்தபுரம். 2007 ஏப்ரல் 1 அன்று அங்கேயே அவர் வாழ்வு நிறைவுற்றது.

திருவனந்தபுரத்தில் அவர் கட்டத் தொடங்கிய வீடுகளுக்குப் பூச்சு இல்லை. செங்கல் அப்படியே வெளியே தெரிந்தது. 'முடிக்கப்படாத வீடு' என்று பலர் எண்ணினர். கான்கிரீட்டே வளர்ச்சியின் அடையாளம் என்று நாடு நம்பிய காலம் அது. அரைச் செங்கல் கனமுள்ள சுவர் கூரையைத் தாங்குமா, பெருமழையில் நிற்குமா என்று பொறியாளர்கள் பலர் ஐயுற்றனர். அந்த ஐயத்தைப் பொறாமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. சுவர் விழுந்தால் இறப்பது அதற்குள் உறங்கும் ஏழைக் குடும்பம். ஆகவே, நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் வீர வசனம் அதற்கு விடையாகாது. சுவர் நின்று காட்டினாலன்றி வேறு விடை இல்லை.

இங்கே நம் சாஸ்திர மரபின் முறை ஒன்றை நினைவுகூர்வது பொருத்தம். தம் கொள்கையை நிலைநாட்ட முனையும் ஆசிரியர், எதிர்த் தரப்பின் வாதத்தை முதலில் எடுத்துரைப்பார். வடமொழியில் இது பூர்வபட்சம். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்றே இரு பெரும் பகுதிகளாக அமைந்துள்ளது. பிறர் கொள்கை முதலில். தம் கொள்கை பின்னர். எதிராளியின் வாதத்தை எவ்வளவு வலிமையாக எடுத்துரைக்கிறாரோ, அவ்வளவுக்கு ஆசிரியரின் சித்தாந்தமும் உறுதி பெறும். பிறருடைய ஐயத்தை எரிச்சலுக்கு விறகாக்கிக்கொள்வது ஒரு வகை; அதனைப் பரபக்கமாக ஏற்று விடை தேடுவது மற்றொரு வகை. முதலாவதில் வேகம் உண்டு. ஆனால் அந்த வேகத்தின் கடிவாளம் ஐயுற்றவரின் கையில் இருக்கிறது. அவர் மனம் மாறிப் பாராட்டிவிட்டால் உழைப்பதற்குக் காரணமே இல்லாமல் போகும். பாராட்டாவிட்டால் கசப்பே மிஞ்சும். பேக்கரின் வழி இரண்டாவது.

மெல்லிய சுவர் நிற்காது என்ற வாதத்தில் உண்மை உண்டு. நேராக எழும்பிய மெல்லிய சுவர் தளர்ச்சியுடையதுதான். ஒரு தாளை அப்படியே நிறுத்தினால் விழுகிறது. மடித்தோ வளைத்தோ நிறுத்தினால் நிற்கிறது. பேக்கர் சுவரை வளைத்தார்; இடையிடையே மடித்தார். அவருடைய கட்டடங்களில் காணும் வட்டங்களும் வளைவுகளும் வெறும் அழகுக்காக வந்தவையல்ல. செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையையும் அவர் பரப்பினார். செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் வெப்பத்தையும் தடுக்கிறது. கூரைத் தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, இழுவிசையை அங்குள்ள கம்பியே தாங்குகிறது என்பது பொறியாளர்கள் அறிந்த பாடம். அந்தப் பாடத்தையே கையில் எடுத்து, கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தார். ஐயுற்றவர்களின் சாஸ்திரத்தைக் கொண்டே அவர்களுக்கு விடை கூறினார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

ஏழைகளுக்கு வீடு கட்டும் பணியைப் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் அவரிடம் ஒப்படைத்தார். பின்னர் முதலமைச்சர் அச்சுத மேனனும் பொருளாதார அறிஞர் கே.என். ராஜும் அவர்மீது நம்பிக்கை வைத்தனர். 1971-இல் தோன்றிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை உள்ளூரில் கட்டும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. குன்றின் சரிவைச் சமப்படுத்தாமல், மரங்களைக் காத்து, வழக்கமான செலவைக் காட்டிலும் கணிசமாகக் குறைந்த செலவில் அதனைக் கட்டினார். அந்தச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. நம்பியவர் சிலரே, ஆனால் அந்தச் சிலர் இல்லையேல் விடையை எழுதிக் காட்ட இடமே கிடைத்திராது. ஐயுறுபவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் இதனை மறந்துவிடுகிறார்கள்.

எல்லா ஐயமும் வெல்லப்பட வேண்டியதும் அன்று. பித்தோராகரில் பேக்கரின் பட்டமே தோற்றது. கல், மண், சாணம், கரையான், பருவமழை ஆகியவற்றுக்கு முன் பர்மிங்காமில் படித்த பாடம் உதவவில்லை. எழுத்தறியாத மலைவாழ் கொத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த வீடுகள் பனியிலும் மழையிலும் நின்றன. அந்நியர் ஒருவரின் திட்டத்தை அவர்கள் நம்பாதிருந்தால் அது நியாயமே. பேக்கர் அவர்களுக்குக் கற்பிக்கப் போகவில்லை; அவர்களிடம் மாணவரானார். பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் கொத்தர்களோடு நின்று, அந்த இடத்திலேயே முடிவெடுத்துக் கட்டிய பழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஓவியம் வரையவும், இசை பயிலவும், எழுதவும் விழையும் இளைஞரிடம் "இது சோறு போடுமா?" என்று வீட்டார் கேட்கிறார்கள். கேள்வியின் தொனி சுடுகிறது; அதனால் கேள்வியே செவியில் விழாமல் போகிறது. தொனியை நீக்கிப் பார்த்தால் அதில் உள்ளவை எளிய கேள்விகளே: நாள்தோறும் எத்தனை நாழிகை பயிற்சி? யாரிடம் கற்பது? அதுவரை பிழைப்பு எதனால்? தந்தையின் வாயிலிருந்து வந்தாலும், எந்த நல்ல ஆசானும் முதல் நாளில் கேட்கும் கேள்விகள்தாம் இவை.

தம்பானூர்க் கட்டடத்தில் இயங்கும் காபி ஹவுஸின் வரலாறும் இதற்கு அயலானது அன்று. 1950-களில் காபி வாரியம் தன் விடுதிகளை மூட முற்பட்டபோது ஊழியர்கள் வேலை இழக்கும் நிலை வந்தது. ஏ.கே. கோபாலனின் ஊக்கத்தால் அவர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். 1957-இல் பெங்களூரில் முதற்சங்கம் தோன்றியது. 1958-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் விடுதி திறக்கப்பட்டது. தட்டு ஏந்தியவர்கள் கணக்கும் நிர்வாகமும் பார்ப்பார்களா என்ற வினாவுக்கு, நாள்தோறும் கடையைத் திறந்து வைப்பதே அவர்கள் அளித்த விடை.

பேக்கர் தம் முறைகளை இரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. செலவைக் குறைப்பது எப்படி, செங்கல் வேலை எப்படி, மண் வீடு எப்படி என்று தம் கையாலேயே படம் வரைந்து, எளிய சிறு நூல்களாக வெளியிட்டார். 1985-இல் அச்சுத மேனன், ராஜ் முதலியோருடன் சேர்ந்து அவர் நிறுவிய காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பு அந்த முறைகளைக் கொத்தர்களுக்கும் பொறியாளர்களுக்கும் கற்பித்தது. 1990-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அதற்குள் அவருடைய சிறு நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்திராத கொத்தர்கள் எலிப்பொறிக் கட்டில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.