ஊர்ப்பெயர் வழியே வெண்டளை

செய்யுளைச் சீர்சீராகப் பிரித்து, ஒவ்வொரு சீரிலும் உள்ள அசைகளையும், சீரும் சீரும் சேரும் தளையையும் கண்டறிவதே அலகிடுதல். வாய்பாடுகளை மனனம் செய்த பின்னரே தளைக்கு வருவது வழக்கமாயினும், நாள்தோறும் நாவில் புழங்கும் ஊர்ப்பெயர்களை முதலில் அலகிடுவோர்க்குச் செவி விரைவில் பழகுவதை அனுபவம் காட்டுகிறது.

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தல் இதற்கு நல்ல தொடக்கம். குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நேரசை. இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து அவ்வாறு வருவது நிரையசை. ஆகவே இப்பெயர் வடக்–கனந்–தல் எனப் பிரிந்து, நிரை நிரை நேர், அதாவது கருவிளங்காய் ஆகிறது. 'வ' என்பதைத் தனி நேரசையாக்குவது தொடக்கநிலையினரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை. உயிர்மெய் தொடரும் குறில் அதனோடு இணைந்தே நிற்கும்.

தளையில்தான் இப்பயிற்சியின் முழுப்பயன் தெரிகிறது. வெண்பாவில் காய்ச்சீரை அடுத்து நேரசை வரவேண்டும். 'கல்வராயன்' கூவிளங்காய், 'மலை' நிரை என்பதால், 'கல்வராயன் மலை' கலித்தளையாகி வெண்பாவைக் கெடுக்கிறது. 'கோமுகி யாறு' விளமுன் நேர் வந்து வெண்டளைக்குப் பொருந்த, 'கோமுகி யணை' விளமுன் நிரை வந்து ஆசிரியத்தளையாகிறது. இவ்விரண்டையும் உரக்கச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். கண்ணால் மட்டும் அலகிடுவோர் ஓசை வேறுபாட்டை உணர்வதில்லை.

கள்ளக்குறிச்சி நாலசைச் சீராதலின் வெண்பாவில் ஒரு சீராக நில்லாது. 'கள்ளக் குறிச்சி' எனப் பிரித்தால் மாமுன் நிரையாய் வெண்டளை அமையும். முதலாழ்வார் மூவரும் சந்தித்ததாக மரபு கூறும் திருக்கோவலூரும் வெண்பாவில் வாராத கனிச்சீராகிய புளிமாங்கனி ஆதலால், அவர்கள் வெண்பாவில் பாடிய மூன்று திருவந்தாதிகளிலும் இம்முழுப்பெயர் ஒரு சீராக அமைய இடமில்லை.

'ஆறு' என்னும் சொல் ஒரு கொள்கை வேறுபாட்டைக் காட்டுகிறது. நெடிலோடு குற்றியலுகரம் சேர்ந்த இதைத் தொல்காப்பியம் நேர்பு என்னும் ஓரசையாகக் கொள்ள, அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை நேர், நிரை என்னும் இரண்டு அசைகளோடு அமைந்து, இதை நேர்நேர் ஆக்குகிறது. பயிற்சிக்குக் காரிகை வழியே எளிது. எனினும் பழைய பகுப்பின் சுவடு வெண்பாவின் ஈற்றுச்சீரில் எஞ்சியிருப்பதால், 'ஆறு' என முடியும் வெண்பாவை அலகிடுவோர் அங்கே தேமா என்று எழுதாமல், காசு என்றே எழுத வேண்டும்.