சத்தம் போடும் டிராயர்: நாமே சரிசெய்வோம்



நம்மில் பலர் வீட்டில் ஒரு பழைய மேசையாவது, மர அலமாரியாவது இருக்கும். குழுப் பாஸ்புத்தகம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாம் அதன் டிராயரில்தான். இழுத்தால் கிரீச்சென்று கத்தும். மூடினால் டமார் என்று அடிக்கும். தூங்குகிற கைக்குழந்தை விழித்துக்கொள்ளும். "ராத்திரி நேரத்துல அதைத் தொடாதே"ன்னு மாமியார் சொல்லுவாங்க. அப்புறம் என்ன செய்கிறோம்? அவசரத்துக்கு வேண்டிய காகிதங்களை மேசை மேலேயோ சுவர்ப் பிறையிலோ வைத்துவிடுகிறோம். மழையில் நனைவதும், எலி கடிப்பதும் அப்படி வெளியே கிடக்கும் காகிதங்கள்தான். ஆகவே இது சின்ன வேலைதான், ஆனால் தள்ளிப்போடக் கூடாத வேலை.

சத்தம் என்ன சொல்கிறது?

காது கொடுத்துக் கேட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

- கிரீச் என்றால் மரத்தோடு மரம் உரசுகிறது, அல்லது இரும்புப் பட்டையில் துரு ஏறியிருக்கிறது.
- கடகட என்றால் ஆணியோ திருகாணியோ தளர்ந்திருக்கிறது.
- டமார் என்றால் டிராயர் மேசைச் சட்டத்தில் நேராகப் போய் மோதுகிறது.

செய்யும் முறை

1. டிராயரில் உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டு, முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வெளியே இழுங்கள். வராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். உள்ளே ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. டிராயரின் அடிப்பக்கத்தையும், அது ஓடுகிற சட்டத்தையும் காய்ந்த துணியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் சுத்தம் செய்யுங்கள். பாதிச் சத்தம் இந்த அழுக்கால் வருவதுதான்.

3. உரசும் இடம் தெரியவில்லையா? அடி ஓரங்களில் சாக்பீஸ் தடவி, இரண்டு முறை உள்ளே தள்ளி இழுங்கள். எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

4. இப்போது ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து, ஏற்றாமல், அப்படியே அந்த ஓரங்களில் அழுத்தித் தேயுங்கள். சட்டத்திலும் தேயுங்கள். மெழுகு வழுவழுப்பாகப் படிந்து, மரத்தோடு மரம் உரசாமல் தடுக்கும். காய்ந்த சோப்பும் வேலை செய்யும். ஆனால் சோப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் மெழுகுவர்த்தியே மேல்.

5. இரும்பு டிராயர் என்றால் துருவை உப்புத்தாளால் எடுத்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு விடுங்கள். மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பாஸ்புத்தகத்தில் கறை படியும்.

6. திருகாணி நிற்காமல் சுற்றுகிறதா? மருந்து நீக்கிய தீக்குச்சியில் பெவிகால் தடவி, ஓட்டையில் செருகி, வெளியே நீட்டியிருப்பதை உடைத்துவிடுங்கள். காய்ந்தபின் திருகாணியை முறுக்கினால் இறுகப் பிடிக்கும்.

7. மோதும் சத்தத்துக்கு, சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட டியூபைக் கேட்டு வாங்குங்கள். காசு அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, மோதும் இடத்தில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் டிராயர் கோணலாக மூடும்.

எண்ணெய் ஊற்ற வேண்டாம்

மரச் சத்தத்துக்குத் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ விடும் பழக்கம் உண்டு. முதல் நாள் நன்றாக இருக்கும். பிறகு தூசி ஒட்டிப் பிசுக்காகி, முன்னைவிட இறுகிக்கொள்ளும். எறும்பும் கரப்பானும் தேடி வரும்.

மழைக்காலத்தில் கவனம்

ஐப்பசி, கார்த்திகையில் டிராயர் இறுகுவது இயல்பு. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. நீளத்தில் அவ்வளவாக மாறாது. அகலத்தில்தான் உப்பும். அந்த நேரத்தில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போடச் சொன்னால், கோடையில் மரம் சுருங்கியதும் டிராயர் லொடலொடவென்று ஆடும். மெழுகு தடவி ஓட்டுங்கள். செதுக்கும் வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளிவையுங்கள்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி வந்த கஜா புயல் நம் மாவட்டத்தில் ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் என்ன செய்தது என்பதை மறக்க முடியாது. கூரை போன வீடுகளில் மரச் சாமான்களும் உள்ளே இருந்த காகிதங்களும் நனைந்தன. அப்படி நனைந்த டிராயரை வெயிலில் போடாதீர்கள், வளைந்து வெடித்துவிடும். வெளியே எடுத்து, காற்றோட்டமான நிழலில் பல நாள் காயவிடுங்கள். முக்கியக் காகிதங்களை எப்போதும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

டிராயர் மூலையில் மண் தடமோ மாவு போன்ற தூளோ கண்டால் மெழுகு பயன்படாது. அது கரையான் அல்லது வண்டு வேலை. காகிதங்களை உடனே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, ஆசாரியிடம் காட்டுங்கள்.

நம்மால் முடியுமா?

"திருப்புளி பிடிக்கிறது ஆம்பளை வேலைங்க"ன்னு சிலர் சொல்வதைக் கேட்கிறோம். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் ஆயிரக்கணக்கான பெண்கள். அன்று சைக்கிளையும் ஆம்பளை வண்டி என்றுதான் சொன்னார்கள். அந்த அம்மாக்களின் பிள்ளைகளும் பேத்திகளும் நாம். ஒரு டிராயரைக் கழற்றி மாட்ட நமக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். டிராயர் எவ்வளவு நன்றாக மூடினாலும் அது காகிதங்களுக்குத்தான். குழுப் பணம் வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

- நம் குழு மேசையின் டிராயர் என்ன சத்தம் போடுகிறது? எங்கே உரசுகிறது?
- தீர்மானப் புத்தகமும் பாஸ்புத்தகங்களும் இப்போது எங்கே இருக்கின்றன? மழைக்கு அந்த இடம் பாதுகாப்பா?
- திருப்புளி, உப்புத்தாள், மெழுகுவர்த்தி, டியூப் துண்டு இவற்றைக் குழுவுக்குப் பொதுவாக ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளலாமா?