எதில் கால் பங்கு?

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளிக்கூடத்தோடு பின்னக் கணக்குக்கு முழுக்குப் போட்டாயிற்று, இனி அது எதற்கு அக்கா என்று கேட்டிருக்கிறாய். அடுத்த வரியிலேயே, இட்லி எழும்பாமல் அப்பிக்கொள்கிறது என்று புலம்பல்! இரண்டும் ஒரே கேள்விதான் கண்ணா.

அம்மா நாலுக்கு ஒன்று என்றாள். நீ மொத்தமாக நாலு டம்ளர் எடுத்து, அதில் ஒன்றை உளுந்தாக்கிவிட்டாய். அப்போது அரிசி மூன்றுதானே! அரிசி நாலு, உளுந்து ஒன்று, ஆக மொத்தம் ஐந்து. உளுந்து அரிசியில் கால் பங்கு, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கடைக்காரர் பழைய உளுந்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டாதே.

“அம்மா கண்ணளவில்தானே போடுவாள்” என்பாய். போடட்டும், அது பழகிய கை. ஆனால் குழந்தையின் காய்ச்சல் மருந்தில் அந்தக் கண்ணளவு வேண்டவே வேண்டாம். போன தடவை அரை ஸ்பூன் கொடுத்தோம், இப்போதும் அதே என்கிறாய். எந்தப் பாட்டிலில் அரை ஸ்பூன்? பாரசிட்டமால் சிரப் ஒன்றில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250. பாட்டில் மாறினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். லேபிளைப் படி, டாக்டர் சொன்ன மில்லிகிராமோடு ஒத்துப்பார், பாட்டிலோடு வரும் மூடியில் அள. சமையல் ஸ்பூனைத் தொடாதே. அப்பாவின் மாத்திரையையும் கேட்காமல் பாதியாக உடைக்காதே. நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையை உடைத்தால், மருந்து மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

உப்புக் கணக்கும் கேள். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் நாலு பேர், ஆக 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். மாதத்துக்கு ஒன்று தீர்ந்தால், ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. கடை ஊறுகாயும் சிப்ஸும் இதில் சேரவில்லை.

நடைப்பயிற்சியை ஏன் விட்டாய் என்பதும் புரிகிறது. திங்கட்கிழமை தவறியது, வாரமே போச்சு என்று உட்கார்ந்துவிட்டாய். அசடே, வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்பதுதான் கணக்கு. அரைமணி அதில் ஐந்தில் ஒரு பங்கு. இன்னும் ஆறு நாள் கையில் இருக்கிறது. அரைமணியை ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்றும் இல்லை. காலையில் பத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து, ராத்திரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் பத்து நிமிடம் நட.

அன்புடன்,
அக்கா