மாத்திரை மட்டும் போதுமா?



"சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டால், "காய்ச்சல், தலையிடி ஒன்னும் இல்லீங்க" என்றுதான் நாம் பதில் சொல்வோம். நோய் இல்லாவிட்டால் சுகம் என்பது நமது கணக்கு. 1948ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்போ, உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் நிறைவாக இருப்பதே சுகம், நோய் இல்லாமை மட்டும் சுகமாகாது என்கிறது. பயிற்சி வகுப்பில் இதை எழுதி மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் எனக்கு அதை விளங்க வைத்தவர் ஒரு கொழுந்து பறிக்கும் தங்கச்சிதான்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையோடு மயங்கி விழுந்தார். பரிசோதித்தால் இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்தும் அதே களைப்பு, அதே வெளிறிய முகம். "மாத்திரைய கூரையில சொருகி வச்சிருப்பீங்க" என்று நான் ஏசிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

மனசு கேட்காமல் பின்னேரம் அவருடைய லயத்துக்குப் போனேன். வெற்று மாத்திரை அட்டைகளை எடுத்து வந்து காட்டினார். ஒரு நாளும் தவறவில்லை. தினமும் காலையில் றொட்டி சாப்பிட்டதும் சாயத்தண்ணியோடு விழுங்கியிருக்கிறார்!

"தேத்தண்ணி இல்லாம மாத்திரை எப்புடிங்கய்யா எறங்கும்?" என்றார்.

பிழை எங்களுடையது. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தேயிலையில் உள்ள தனின் என்ற பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. நாம் பறித்துக் கொடுக்கும் கொழுந்துதான், என்ன செய்வது! மாத்திரையைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள். தேத்தண்ணியையும் பாலையும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தள்ளி வையுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். வயிறு எரிந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவ உதவியாளரிடம் கேளுங்கள். வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தின் வழியாகக் கொக்கிப்புழு ஏறி, குடலில் இருந்து இரத்தம் உறிஞ்சும். அப்படியானால் பூச்சி மாத்திரையும் வேண்டும்.

இவ்வளவும் உடம்பு விஷயம். மீதி அந்தக் காம்பராவிலேயே இருந்தது.

கீரையோ கருவாடோ சமைத்தால், வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்த பிறகு அவருக்கு மிஞ்சுவது றொட்டியும் சம்பலும். மூத்த மகளின் சடங்குக்கு வாங்கிய கடனுக்காகத் தோடு அடகில் இருந்தது. வட்டியை நினைத்து இரவில் தூக்கமில்லை. தூக்கமில்லாததால் மலையில் கை ஓடவில்லை. நிறை குறைந்து அரைப்பேர் விழுந்தது. அரைப்பேர் விழ விழக் கடன் கூடியது. மயக்கம் வந்தது இரத்தம் குறைந்ததாலா, கடனாலா என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதையும் அவர் விட்டிருந்தார். காது வெறுமையாக இருப்பதை நாலு பேர் பார்ப்பார்கள் என்ற வெட்கம். பக்கத்துக் காம்பராவில் இருமினால் நமக்குக் கேட்கிறது. அப்படி நெருங்கி வாழ்ந்தும், ஒரு கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாமல் இருக்கிறோம். சொன்னால் லயம் முழுக்கப் பரவும் என்ற பயம்தான். அந்தப் பயம் நியாயமானதும்கூட. நம்மில் சிலருக்கு வாய் சும்மா இருக்காது.

வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றார். "சொன்னா நீங்க குடிச்சிட்டு வருவீங்க" என்றார் அவர். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். இப்போதும் பின்னேரத் தண்ணீர் அவர் வேலைதானாம். குடி முற்றாக நின்றதென்று நான் பொய் எழுத மாட்டேன்.

தங்கச்சியின் இரத்த அளவு ஏறியிருக்கிறது. தோடு இன்னும் மீளவில்லை.

தொடர்ந்து களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்று உள்ளவர்கள் மருத்துவமாதுவிடம் சொல்லி இரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மனப்பாரம் தாங்க முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். என்னிடம் வந்தாலும் சரி, கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம். இனி ஏச மாட்டேன்.