பளுப்பயிற்சியும் கணக்கேடும்

1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட இராயபுரம் முதல், 2001இல் துறைமுகம் திறக்கப்பெற்ற எண்ணூர் வரை, வடசென்னை தோள்வலியால் வாழும் நிலமாகும். மூட்டை சுமப்போரும் வலை இழுப்போரும் ஆலைகளில் உழைப்போரும் பெற்றெடுத்த பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் உள்ளனர். அவருள் பலர் மாலையில் உடற்பயிற்சிக் கூடம் செல்கின்றனர். அவர்தம் ஆர்வம் பாராட்டுக்குரியது. எனினும் அங்கே செய்வதை முறையாகக் குறித்து வைப்போர் சிலரே.

கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி என்பன நம் முன்னோர் அறிந்த பயிற்சிகள். அவற்றோடு அளவை இணைத்தது இருபதாம் நூற்றாண்டு. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்க்குச் சிகிச்சையளித்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1945இல் படிப்படியாகப் பளுவைக் கூட்டும் முறையை வெளியிட்டார். நேற்றைய பளுவை அறியாதவன் இன்று எதைக் கூட்டுவான்? ஆகவே நாள், பயிற்சியின் பெயர், பளு, எத்தனை முறை, எத்தனை செட், இடையே எடுத்த ஓய்வு ஆகியவற்றை ஏட்டில் எழுதுதல் வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸில் 40 கிலோவைப் பத்து முறையாக மூன்று செட் தூக்கினால், மொத்தம் 1200 கிலோ. இவ்வெண் ஐயத்திற்கு இடமற்றது.

செலவான கலோரியோ அத்தகையதன்று. மேற்கண்ட பளு ஒவ்வொரு முறையும் அரை மீட்டர் உயர்ந்ததாகக் கொண்டால், செய்த வேலை 5880 ஜூல். அதாவது ஏறத்தாழ 1.4 கிலோகலோரி. தசை, தான் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுவதால், செலவு 7 ஆகும். பளுவை இறக்குதல், உடலை நிலைநிறுத்துதல், இளைப்பாறுதல் ஆகியவற்றின் செலவு இதில் அடங்கவில்லை. எனவே அறிஞர் வேறு வழி கண்டனர். ஓய்வுநிலையில் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். இதனை ஓர் அலகாகக் கொண்டு, 2011ஆம் ஆண்டுத் தொகுப்பு சாதாரணப் பளுப்பயிற்சிக்கு 3.5, கடும் பயிற்சிக்கு 6 எனக் குறிக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் அரைமணி பயின்றால் 105 முதல் 180 வரை செலவாகும். பயிலாதிருந்தாலும் செலவாகும் 30ஐக் கழித்தால், எஞ்சுவது 75 முதல் 150 வரை. நூறு கிராம் சோறே சுமார் 130 கிலோகலோரி தரும். கைப்பேசியும் கைக்கடிகாரமும் காட்டும் எண்களும் மதிப்பீடுகளே. அவற்றை நம்பி உணவைக் குறைப்பதோ மிகையாக உண்பதோ தகாது.

இன்னுமொன்று உண்டு. பகலெல்லாம் 50 கிலோ மூட்டைகளைச் சுமந்த இளைஞன் மாலையில் பயிலும்போது, பகலின் உழைப்பையும் ஏட்டில் எழுதுதல் வேண்டும். 1967இல் உலகத் தொழிலாளர் அமைப்பு, ஆண் தொழிலாளர் வழக்கமாகச் சுமக்கும் பளு 55 கிலோவுக்கு மேற்படலாகாது எனப் பரிந்துரைத்தது. உழைப்பால் களைத்த தசைக்கு வேண்டுவது மேலும் பளுவன்று. உணவும் உறக்கமும் ஓய்வுமே. ரமலான் மாதப் பகலில் நோன்பிருப்போர் பளுவைக் குறைத்து, நோன்பு திறந்தபின் பயிலுதல் நன்று. நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றின், பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும்.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்திற்குக் கணக்கு வைப்பது கடமை. தூக்கிய பளுவை உறுதியாக எழுதுவோம். எரிந்த கலோரியை மதிப்பீடென்றே எழுதுவோம். தந்தையர் சுமந்த சுமையையும் அக்கணக்கில் மறவாதிருப்போம்.