வைப்ரஃபோன் வாங்கும் முன்

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில், கல்லூரி முதலாண்டு படிக்கும் பெண் ஜாஸ் இசையில் வைப்ரஃபோன் கற்க ஆசைப்படுகிறாள். "ஸார், நீங்கள் அந்த ரிக்கார்டுகளெல்லாம் கேட்பவராயிற்றே, இது என்ன வாத்தியம்? வாங்கிக் கொடுக்கலாமா?" என்று அவள் தந்தை கேட்டார். முதலில் கூட வாசிக்க ஆள் தேடுங்கள், வாத்தியத்தைப் பிறகு தேடலாம் என்றேன். நான் விளையாட்டாகச் சொன்னதாக அவர் நினைத்துவிட்டார். ஆகவே காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வைப்ரஃபோனில் பியானோவின் கட்டைகளைப் போல இரண்டு வரிசையாக 37 உலோகப் பட்டைகள் இருக்கும். மொத்தம் மூன்று ஸ்தாயி. தலையில் நூல் சுற்றிய கோல்களால் நின்றுகொண்டே தட்டி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே, அடிப்பக்கம் மூடிய குழாய் ஒன்று தொங்கும். அந்தச் சுரத்தின் அலைநீளத்தில் கால் பங்கு அளவுக்குக் குழாயினுள் காற்று நிற்கும். 440 அதிர்வு கொண்ட சுரத்துக்கு ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர். குழாய் வாயில் ஒரு சிறு தட்டு மோட்டாரால் சுழன்று, திறந்தும் மூடியும் ஒலியை அலைபோல் நடுங்க வைக்கும். பெயர் வந்தது அந்த நடுக்கத்தால்தான். 1920களின் தொடக்கத்தில் இண்டியானாபோலிஸ் நகரின் லீடி கம்பெனி இதைச் செய்தது. 1927-ல் சிகாகோவின் டீகன் கம்பெனி அலுமினியப் பட்டையும் பெடலும் வைத்து, இன்று நாம் காணும் உருவத்தைக் கொடுத்தது.

பட்டைகளைத் தாங்கும் கயிறு, முனையிலிருந்து நீளத்தில் சுமார் 22 சதவீதம் தள்ளி ஊடுருவிச் செல்லும். அந்த இடத்தில் உலோகம் ஏறக்குறைய அசைவதே இல்லை. வேறெங்கு தாங்கினாலும் ஒலி செத்துவிடும். கயிறு போகும் இடத்துக்கு மேல் தட்டினாலும் அப்படியே. சுத்தியலால் ரயில் சக்கரத்தைத் தட்டி, காதாலேயே விரிசலைக் கண்டுபிடித்த பரிசோதகர்களோடு வேலை பார்த்தவனுக்கு இது உடனே புரிகிறது!

இனி பெடல். மிதித்தால் எல்லாப் பட்டைகளும் விடுதலை பெற்றுப் பல விநாடிகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். காலை எடுத்தால் ஃபெல்ட் வைத்த சட்டம் வந்து அத்தனையையும் ஒருசேர அடக்கிவிடும். ஒரு சுரத்தை மட்டும் அடக்கி மற்றதை ஒலிக்க விட வேண்டுமென்றால், ஒரு கோல் அடுத்த பட்டையைத் தட்டும் அதே கணத்தில் இன்னொரு கோலை முந்தைய பட்டையின் மேல் அழுத்த வேண்டும். தட்டுவது ஒரு மாதத்தில் வரும். அடக்குவதற்கு வருடங்கள் ஆகும். எதை, எப்போது அடக்குவது என்பதைப் பக்கத்தில் வாசிப்பவர் என்ன வாசிக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. தனி அறையில் எல்லாமே இனிமையாக ஒலிக்கும். பக்கத்தில் ஒரு பியானோ சேர்ந்தால், இரண்டும் ஒரே இடத்தில் சுரக்கூட்டுகளை நிரப்பிக் குழப்பும். யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும். மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் குழுவில் பியானோவில் ஜான் லூயிஸ் எவ்வளவு சிக்கனமாக வாசித்து மில்ட் ஜாக்ஸனுக்கு இடம் விடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த வாத்தியம் ஜாஸுக்கு வந்த கதையிலும் கூட்டாளி உண்டு. 1930-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் ஓரமாகக் கிடந்த வைப்ரஃபோனைப் பார்த்து, வாசிப்பாயா என்று லூயி ஆம்ஸ்ட்ராங் கேட்டார். டிரம் வாசிக்க வந்திருந்த லயனல் ஹாம்ப்டன் வாசித்தார். 1936-ல் பென்னி குட்மனின் நால்வர் குழுவில் சேர்ந்து உலகறியச் செய்தார்.

கேரி பர்ட்டன் கதை வேறு. 1943-ல் பிறந்து, இண்டியானா மாநிலத்தின் சிற்றூர்களில் பெரும்பாலும் தானாகவே கற்றவர். கூட வாசிக்க ஆளில்லாமல் வெறுமையாக ஒலித்ததால், கைக்கு இரண்டாக நான்கு கோல்களைப் பிடித்துத் தாமே பக்க வாத்தியமும் ஆனார். இன்று அவர் பெயராலேயே ஒரு கோல்பிடி வழங்குகிறது. ஆனால் 1959-ல் ஒரு ஜாஸ் முகாமுக்குப் போய், தம்மைப் போன்ற இளைஞர்களோடு வாசித்த பிறகே இசைதான் வாழ்க்கை என்று முடிவு செய்தார். நான்கு கோல் தனிமையில் பிறந்ததென்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு அவர் முதலில் தேடியது சபையல்ல, தோழர்களை.

சேர்ந்து வாசிக்கப் பெரிய பாடம் தேவையில்லை. 12 அளவு கொண்ட ப்ளூஸ் போதும். எஃப் ஸ்வரத்தை ஆதாரமாக வைத்தால் அதுவே வாத்தியத்தின் கடைசிக் கீழ்ப் பட்டை. முதல் நான்கு அளவு எஃப், அடுத்த இரண்டு பி ஃப்ளாட், மீண்டும் இரண்டு எஃப், பிறகு சி ஒன்று, பி ஃப்ளாட் ஒன்று, எஃப் இரண்டு. நம் தாள ஆவர்த்தனம் போல இது சுற்றிச் சுற்றி வரும். கல்பனா ஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் ஒன்றுதான் புதிது, ஆதாரக் கூட்டே நடுவில் மாறும். நான்கு நான்கு அளவாக டிரம்காரரோடு மாற்றி மாற்றி வாசிக்கும் பழக்கமும் உண்டு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் செய்வதுதானே அது?

ஆட்களை எங்கே தேடுவது? வைப்ரஃபோன் வாசிப்பவர் நம் நாட்டில் அரிது. அவர்தான் வேண்டும் என்பதுமில்லை. ஒரு கிதார், ஒரு பேஸ் கிதார், ஒரு டிரம் போதும். கல்லூரி இசைக்குழுக்களிலும் மேற்கத்திய இசைப் பள்ளிகளிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கிடைப்பார்கள். அதுவரை அந்தப் பெண் சாதாரணக் கீபோர்டில் இதே ப்ளூஸை வாசிக்கட்டும். பட்டைகளின் வரிசையும் அதுவேதான். வெளிநாட்டு வித்வான்களை அணுக 1961-ல் தொடங்கிய பெர்கஷன் கலைஞர் சங்கம் அமெரிக்காவில் இருக்கிறது. ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது. யாருக்காவது எழுதினால் வாழ்க்கை வரலாறு வேண்டாம். இரண்டு நிமிஷப் பதிவும் ஒரே ஒரு கேள்வியும் அனுப்பினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

ஆறு மாதம் வாராவாரம் கூட்டாளிகளோடு வாசிப்பு நடந்தால் வாத்தியம் பார்க்கப் போகலாம். பழையது என்றால் ஒவ்வொரு பட்டையையும் நடுவில் தட்டிக் கேளுங்கள், கயிற்றை இழுத்துப் பாருங்கள், பெடலை விட்டதும் எல்லாம் ஒரே சமயத்தில் அடங்குகிறதா என்று கவனியுங்கள். அமெரிக்க மோட்டார் 120 வோல்ட்டுக்கானது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். மோட்டார் ஏற்கெனவே கெட்டிருந்தால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள். பர்ட்டன் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வாசித்தார் என்பதை விற்பவரிடம் சொல்ல வேண்டாம்.