இரவு வேட்டை: நிலத்துக்காரர் கவனிக்க வேண்டியவை

அறுவடை முடிந்த மானாவாரி நிலங்களிலும் சாலையோரத் தோட்டங்களிலும், இரவு நேரத்தில் தலையில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு முயல், கவுதாரி வேட்டைக்கு வருவோரை விவசாயிகள் பலரும் பார்த்திருப்பார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டதும் முயல் திகைத்து நின்றுவிடும். அதைச் சுடுவது எளிதாகிவிடுகிறது. "ஒரு முயல்தானே, போகட்டும்" என்று நாமும் கண்டுகொள்ளாமல் இருந்துவிடுகிறோம். இது தவறாகும்.

நட்டம் யாருக்கு?

மோட்டார் போடவும் மடை திருப்பவும் இரவில் வயலுக்குப் போகிறவர்கள் நாம்தான். புதருக்குப் பின்னால் குனிந்து நிற்பவர் ஆளா, விலங்கா என்பது சுடுபவருக்குத் தெரியாது.

காட்டுப்பன்றிக்காக வரப்போரத்தில் வைக்கும் அவுட்டுக்காயை மேய்ச்சல் மாடு கடித்தால் தாடை சிதைந்துவிடும். பிறகு அது தீனி எடுக்க இயலாது. பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்த சினை யானை, 2020 மே 27 அன்று ஆற்று நீரில் நின்றபடியே இறந்தது.

கவுதாரி கறையானைத் தின்னும். காட்டுப்பூனை, நரி, ஆந்தை ஆகியவை எலிகளைப் பிடிக்கும். இவை குறைந்தால் எலிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்திற்கும் பொருந்தும். மயில், உடும்பு போன்றவற்றை வேட்டையாடினால், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், ரூ.25,000-க்குக் குறையாத அபராதமும் உண்டு. முயல், கவுதாரி வேட்டையும் குற்றமே. வேட்டைக்கு உடந்தையாக இருப்பவரும் குற்றவாளியே. எனவே உறவினர், தெரிந்தவர் என்று இடம் கொடுத்துவிட்டு வழக்கில் சிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

1. வேட்டைக்காரர்களிடம் தனியாகச் சென்று வாதாடக் கூடாது. அவர்கள் கையில் துப்பாக்கி இருக்கலாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்திற்கோ (எண் 100) வனச்சரக அலுவலகத்திற்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

2. காலையில் மாட்டை அவிழ்க்கும் முன் வரப்புகளையும் வேலியோரத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும். சந்தேகத்திற்குரிய உருண்டைகளைத் தொடாமல், கால்நடைகளையும் நாயையும் விலக்கி வைத்துத் தகவல் தர வேண்டும்.

3. சாலையோர எல்லையில் கிளுவை, ஆனைக்கற்றாழை கொண்டு உயிர்வேலி அமைக்கலாம். "அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது" என்ற பலகையும் வைக்கலாம்.

4. வேலியில் மின்சாரத்தைத் திருட்டுத்தனமாகப் பாய்ச்சவே கூடாது. தருமபுரி மாவட்டத்தில் 2023 மார்ச்சில் இத்தகைய வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார்.

5. பன்றித் தொல்லை இருந்தால் வனத்துறையிடம் மனு கொடுக்க வேண்டும். பயிர்ச்சேதத்திற்கு இழப்பீடும் கோரலாம். நாமே சுடவோ, ஆள் வைத்துச் சுடவோ அனுமதி இல்லை.

ஒரு தோட்டத்தில் மட்டும் காவல் இருந்தால் போதாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கூடிப் பேசி, யார் நிலத்தில் விளக்கு தெரிந்தாலும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்வது என்று முடிவு செய்தால், வேட்டைக்காரர்கள் அந்த ஊர்ப் பக்கம் வரவே தயங்குவார்கள்.